டிக்கி மேல் இறக்கை, கீழே மொட்டை டயர்

இந்த மழை சீசனில் இது மூன்றாவது வண்டி. போன வாரம் கோவை பைபாஸில் ஒரு சுற்று சுற்றி, நடுத்தடுப்பில் பின்பக்கம் மோதி, ரெக்கவரி வண்டியில் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்தது. சின்ன ஹேட்ச்பேக். ஓட்டிய தம்பிக்கு 22 வயது இருக்கும். நல்ல காலம், அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டியை இறக்கும்போதே கேட்டான்: “அண்ணா, எண்பதுலதான் வந்தேன். பின்னாடி ஸ்பாய்லர் வேற இருக்கு. அப்புறம் எப்படிச் சறுக்குச்சு?”

பதில் சொல்லாமல் பின் டயரைக் காட்டினேன். தரையைப் பிடிக்க டயரின் மேல் இருக்கும் மேடுகளைப் பட்டன் என்போம். அது ஒன்றும் மிச்சமில்லை. விரல் வைத்தால் வழுக்கியது. பக்கவாட்டில் 2316 என்ற எண். அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அதற்கு மேலே அவன் சொன்ன ஸ்பாய்லர், அதாவது காற்று பட்டு வண்டியைக் கீழே அழுத்தும் என்று நம்பி மாட்டும் இறக்கை, மட்டும் புத்தம் புதுசாக, முகம் பார்க்கலாம் போல மின்னியது.

“ரேஸ் காரில் இருக்கிறதே?” என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இருக்கிறது. அது ஓடும் வேகம் என்ன, நீங்கள் ஓடும் வேகம் என்ன? வேகம் இரண்டு மடங்கானால் காற்று அழுத்தும் விசை நான்கு மடங்காகும். வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள நல்ல இறக்கை ஒன்றை, சரியான கோணத்தில், தடையில்லாத காற்றில் நிறுத்துங்கள். 80 கி.மீ. வேகத்தில் அது கீழே அழுத்துவது ஏறக்குறைய 6 கிலோ. 40 கி.மீ. வேகத்தில் ஒன்றரை கிலோ. அந்தத் தம்பியின் கார் போன்ற வண்டியில் பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 350 கிலோ அளவுக்கு இருக்கும். அதில் இந்த ஆறு கிலோ எந்த மூலைக்கு?

அதுவும் நல்ல இறக்கைக்குச் சொன்ன கணக்கு. விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்ததுபோல அடிப்பக்கம் வளைந்திருந்தால்தான் அது கீழே அழுத்தும். என் கைக்கு வந்த கடை இறக்கைகளில் சில, மேல்பக்கம் வளைந்து அடி தட்டையாக இருந்தன. அழுத்துவதற்குப் பதில் தூக்கிவிடும்! செடான் டிக்கியில் தாழ்வாக வைப்பது இன்னொரு வேடிக்கை. பின் கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று அங்கே ஏற்கெனவே கலங்கிப் போயிருக்கும். ரேஸ் காரில் இறக்கையை உயரக் கம்பத்தில் நிறுத்துவது அழகுக்காக இல்லை.

‘சரி, அப்படியானால் டிக்கியில் மணல் மூட்டை போடலாமா’ என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் சாமி. மூட்டையின் எடை வளைவில் வண்டியை வெளியே இழுக்கவும் செய்யும். எடையே கூடாமல் டயரை அழுத்துவதுதான் இறக்கையின் மகிமை. ஆனால் அதற்கு வேகம் வேண்டும். தவிர, நம்மூர் ஹேட்ச்பேக் பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. பின்னால் அழுத்தி இழுவைக்கு என்ன லாபம்?

ஸ்பாய்லரே வீண் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் வந்த முதல் ஆடி டிடி, ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பெரும் வேகத்தில் பின்பக்கம் நிலைகொள்ளாமல் விபத்துகளில் சிக்கியது. கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து டிக்கி விளிம்பில் சின்ன ஸ்பாய்லர் வைத்தது. கூடவே சஸ்பென்ஷனையும் திருத்தி, வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்துச் சமாளிக்கும் இஎஸ்பி அமைப்பையும் சேர்த்தது. ஸ்பாய்லர் மட்டும் போதும் என்று அவர்களே நினைக்கவில்லை, கவனியுங்கள்.

வைத்தே தீருவேன் என்றால் ஒழுங்காக வையுங்கள். 1969 ஸ்பானிஷ் கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் லோட்டஸ் அணிக் கார்களின் உயரமான இறக்கைகள் ஓட்டத்திலேயே முறிந்தன. முதலில் கிரகாம் ஹில், அடுத்து யோஹன் ரிண்ட், இருவருமே தடுப்பில் மோதினார்கள். நம் ஆட்கள் டபுள் டேப்பில் ஒட்டி அனுப்புகிறார்கள். ஓட்டை போட்டவர்கள் சீலன்ட் வைப்பதில்லை. மழைநீர் இறங்கி டிக்கி துருப்பிடிக்கிறது. இறக்கையின் பாரம் தாங்காமல் ஹேட்ச் கதவு தலையில் இறங்கிய கதையும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மட்டத்துக்கு, அதாவது 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும். மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். கடைக்காரர் முன்னால் மாட்டுவார், விடாதீர்கள். முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிய பிறகுதான் தெரியும். மாதம் இரண்டு முறையாவது காற்றைப் பாருங்கள். மழையில் வேகத்தைக் குறையுங்கள், தயவுசெய்து.

தம்பி நான்கு டயரும் மாற்றிக்கொண்டான். ஸ்பாய்லரைக் கழற்றட்டுமா என்றேன். “இருக்கட்டும்ணா, பார்க்க நல்லாருக்கு” என்றான். ஆட்டிப் பார்த்தேன், இரண்டு ஸ்க்ரூ லூஸ். இறுக்கிக் கொடுத்து அனுப்பினேன்.