பொட்டாஷ் மூட்டையும் கதிரியக்கமும்

உரக்கடையில் அடுக்கியிருக்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒவ்வொன்றிலும் நொடிக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 ஆகும். அதனால் ஒரு கிராமுக்கு 31 பெக்கரல் (பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச்சிதைவு) வீதம், மூட்டையிலுள்ள ஏறத்தாழ 25 கிலோ பொட்டாசியத்துக்கு இந்தக் கணக்கு வருகிறது. கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும் இந்த எண்ணால் உடலுக்குக் கேடு விளைவதில்லை. நம் உடலிலுள்ள சுமார் 140 கிராம் பொட்டாசியமும் இதே விகிதத்தில்தான் கதிர்வீசுகிறது. உணவில் அது கூடினாலும் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது.

பாஸ்பேட் உரங்களின் கதை வேறு. கடலடியில் பாஸ்பேட் பாறை படிந்தபோது, கடல்நீரில் கரைந்திருந்த யுரேனியம் அதன் படிகங்களில் கால்சியத்தின் இடத்தில் புகுந்துகொண்டது. மொராக்கோ, புளோரிடா பாறைகளில் டன்னுக்கு ஏறத்தாழ 100 கிராம் வரை அது காணப்படுகிறது. டி.ஏ.பி. (டை-அம்மோனியம் பாஸ்பேட்) உரம் தயாரிப்பதற்காக இப்பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது, யுரேனியத்தின் பெரும்பகுதி பாஸ்பாரிக் அமிலத்தோடு சேர்ந்து உரத்துக்குள் போகிறது. யுரேனியம் சிதைவதில் உருவாகும், வேதியியலில் கால்சியத்தின் உறவான ரேடியமோ கழிவு ஜிப்சத்தோடு தங்கிவிடுகிறது. சூப்பர் பாஸ்பேட்டில் ஜிப்சத்தைப் பிரித்தெடுப்பதில்லை என்பதால் இரண்டுமே மூட்டைக்குள் இருக்கும். ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு கசிவதால், கிலோவுக்கு 370 பெக்கரலுக்கு மேல் ரேடியம் உள்ள ஜிப்சத்தை வயலில் இட அமெரிக்கா அனுமதிப்பதில்லை.

வயலுக்கு என்ன ஆகிறது? டன்னுக்கு 100 கிராம் யுரேனியம் கொண்ட உரத்தை எக்டருக்கு ஆண்டுதோறும் 100 கிலோ இட்டால் 10 கிராம் யுரேனியம் சேரும். ஆனால் சாதாரண நிலத்தின் உழவு மண்ணிலேயே எக்டருக்குச் சுமார் 5 கிலோ யுரேனியம் இயற்கையாக இருக்கிறது. மழைநீரில் எதுவும் கரைந்து போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அது இரட்டிப்பாக 500 ஆண்டுகள் பிடிக்கும். பயிர் வேர்களும் யுரேனியத்தை மிகக் குறைவாகவே மேலே ஏற்றுகின்றன.

இந்த ஆறுதல் புகையிலைக்குப் பொருந்தாது. ரேடானின் வழித்தோன்றலான ஈயம்-210 காற்றிலிருந்து இறங்கி, புகையிலை இலையின் பிசுபிசுப்பான மயிர்களில் ஒட்டிக்கொள்கிறது. ரேடியம் மிகுந்த பாஸ்பேட் உரம் இதைக் கூட்டுகிறது. ஈயம்-210 சிதைவதில் உருவாகும் பொலோனியம்-210 சிகரெட் புகையில் இருப்பது 1964-இல் கண்டறியப்பட்டது. பொலோனியம் வீசும் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். ஆனால் புகையோடு உள்ளே போகும் பொலோனியம் நுரையீரல் திசுவிலேயே படிகிறது.