ளாஹிர், தஃவீல், இஜ்திஹாத்: ‘தாராளவாத விளக்கம்’ என்பது சரியான சொல்லா?

இஸ்லாத்தில் வேதத்துக்குப் பொருள் கொள்ளும் முறை பற்றிப் பேச்சு வந்தால் நம் நாளிதழ்கள் கைவசம் வைத்திருப்பவை இரண்டே சொற்கள்: தாராளவாத விளக்கம், கடும்போக்கு விளக்கம். இரண்டும் அரசியல் பக்கத்திலிருந்து வாங்கிய இரவல். தாராளவாதம் ஓர் அரசியல் கொள்கையின் பெயர். கடும்போக்கு ஒருவரின் குணத்தைச் சொல்வது. வசனத்தை அவர் எப்படிப் படிக்கிறார் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதற்கென்றே அரபியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கும் சொற்கள் உண்டு.

முதலில் ளாஹிர். வெளிப்படையாகத் தெரிவது என்று பொருள். தினமும் நாவில் வரும் ‘ளுஹர்’ தொழுகையின் பெயருக்கும் இதே வேர்தான். இதன் எதிர்ச்சொல் பாதின், உள்ளே இருப்பது. தமிழுக்கு இந்த இணை புதிதல்ல: புறம், அகம். சொல்லின் ளாஹிர் என்றால், கேட்டவுடன் மனத்தில் படும் பொருள்.

தஃவீல் என்பதன் வேர் திரும்பிச் செல்வதைக் குறிக்கும். சொல்லை அதன் உட்கருத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிற்காலச் சட்ட நூலார் இதை இன்னும் இறுக்கிவிட்டார்கள்: தகுந்த ஆதாரம் இருக்கும்போது வெளிப்படைப் பொருளை விட்டு வேறு பொருளுக்குப் போவதே தஃவீல். தஃப்ஸீர் என்பது குர்ஆன் விளக்கம் எல்லாவற்றுக்குமான பொதுச்சொல், ‘விரிவுரை’ என்றால் போதும்.

தஃவீல் யாருக்குரியது என்பதிலேயே வழக்கு உண்டு. குர்ஆன் 3:7, பல பொருளுக்கு இடம் தரும் வசனங்களைப் பற்றிச் சொல்லும்போது, அவற்றின் தஃவீலை அல்லாஹ்வைத் தவிர எவரும் அறியார் என்கிறது. அடுத்து ‘கல்வியில் உறுதிப்பட்டோர்’ வருகிறார்கள். ‘அல்லாஹ்’ என்ற இடத்தில் ஓதுபவர் நிறுத்தினால் அறிவு அவனுக்கு மட்டும். நிறுத்தாமல் ஓதினால் அறிஞர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு மூச்சு நிறுத்தத்தில் இரண்டு கொள்கைகள்!

சொல்லை அப்படியே கொள்வது, அதன் கருத்தைத் தேடுவது என்ற இரு வாசிப்புகளும் நபிகளார் காலத்திலேயே தொடங்கிவிட்டன. மதீனாவைக் காக்க நடந்த அகழ்ப்போர் முடிந்த கையோடு நபிகளார் தம் தோழர்களிடம், “பனூ குரைழாவிடம் (அங்கிருந்த ஒரு யூதக் குலம்) போய்ச் சேரும்வரை எவரும் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழ வேண்டாம்” என்றார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சிலர், சொன்னது சொன்னதுதான் என்று அங்கே போய்ச் சேரும்வரை தொழவில்லை. சிலர், விரைந்து போங்கள் என்பதுதான் கருத்து, தொழுகையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை என்று வழியிலேயே தொழுதார்கள். செய்தி நபிகளாரிடம் வந்தபோது எந்தத் தரப்பையும் கண்டிக்கவில்லை என்கிறது புகாரி என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிகளாரின் சொல், செயல் பற்றிய பதிவு). முதல் கூட்டத்தைக் கடும்போக்காளர் என்றும் இரண்டாவதைத் தாராளவாதிகள் என்றும் எழுதிப் பாருங்கள். எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது!

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சொல்லை இறுக்கிப் பிடிப்பவர் சட்டத்தையும் இறுக்குவார் என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்துக்கு மாற்றும்போது சரிக்குச் சரி, கைக்குக் கை மாற்ற வேண்டும். கூடுதல் வாங்கினால் வட்டி என்கிறது ஒரு ஹதீஸ். அப்படியானால் அரிசி? அளந்தோ நிறுத்தோ விற்பதால் அதுவும் சேரும் என்றனர் ஹனஃபி சட்டப்பள்ளியினர். உணவுப் பொருள் என்பதால் சேரும் என்றனர் ஷாஃபிஈ சட்டப்பள்ளியினர். இப்படி ஒப்பிட்டு நீட்டுவதற்கு கியாஸ் என்று பெயர். 884இல் மறைந்த தாவூத் இப்னு அலீயின் வழிவந்த ளாஹிரிகள் கியாஸையே ஏற்காதவர்கள். ஆறு என்றால் ஆறுதான். அரிசிக்கு அந்தத் தடை இல்லை. அவர்களில் பெரும்பெயர் பெற்ற, ஸ்பெயினின் குர்துபாவைச் (கோர்டோபா) சேர்ந்த இப்னு ஹஸ்ம் (994–1064), இசையைத் தடுப்பதாகச் சொல்லப்படும் ஹதீஸ்கள் உறுதியானவை அல்ல என்று கூறி அதை அனுமதித்தார். சொல்லைக் கறாராகப் படித்தவர்தான் இங்கே கையைத் தளர்த்துகிறார்.

இஜ்திஹாதுக்கும் இதே கதி. வேர் ஜ-ஹ-த, பாடுபடுதல். ஜிஹாத் இதன் உடன்பிறப்பு. மூல ஆதாரங்களிலிருந்து சட்டம் காண அறிஞர் தம் முழு ஆற்றலையும் செலுத்துவது இஜ்திஹாத். முயன்று சரியான முடிவு கண்ட நீதிபதிக்கு இரண்டு கூலி, முயன்றும் தவறியவருக்கு ஒரு கூலி என்று ஹதீஸ் உண்டு. இதன் மறுபக்கம் தக்லீத்: முன்னோர் முடிவை ஏற்று நடப்பது. கிலாதா என்றால் கழுத்தில் அணிவது. பொறுப்பை இன்னொருவர் கழுத்தில் மாட்டிவிடுவது என்று இதை விளக்குவார்கள். எகிப்தின் முஹம்மது அப்துஹு (1849–1905) தக்லீதை எதிர்த்தார்; அவரைச் சீர்திருத்தவாதி என்கிறோம். முதல் தலைமுறை முஸ்லிம்களின் வழிக்கே திரும்பச் சொல்லும் ஸலஃபிகளும் தக்லீதை எதிர்க்கிறார்கள். அவர்களைக் கடும்போக்கினர் என்கிறோம். ஆகவே இஜ்திஹாதை ‘தாராள விளக்கம்’ என்று பெயர்ப்பது பிழை.

ளாஹிரைப் பற்றி நிற்கும் வாசிப்புக்குச் ‘சொல்வழி உரை’, கருத்தைத் தேடிப் போகும் வாசிப்புக்குக் ‘கருத்துவழி உரை’ என்பேன். ‘நேர்பொருள், உட்பொருள்’ என்றும் எழுதலாம். ஆனால் உட்பொருள் என்றதும் சூஃபிகளின் பாதின் நினைவுக்கு வந்து குழப்பும். தக்லீதுக்குச் சிலர் எழுதும் ‘கண்மூடிப் பின்பற்றல்’ அதை மறுப்பவரின் வசை, ‘வழிபற்றல்’ போதும். இஜ்திஹாதுக்கு ‘ஆய்வு’ எடை குறைந்த சொல், ஆய்வுக்கட்டுரை வாசம் அடிக்கிறது. ‘முயன்று தீர்வு காணல்’ என்று முதல்முறை விளக்கிவிட்டு, அடுத்த வரியிலிருந்து இஜ்திஹாத் என்றே எழுதிப் போவதுதான் என் வழக்கம்.