34.2 காட்டிய துவக்கு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொரோனா காலத்தில் வேலையாட்களுக்கும் வாடிக்கையாளருக்கும் வாசலில் வைத்து வெப்பநிலை பார்த்துக் கொப்பியில் எழுதினோம். இப்போது புரட்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு 34.2, 34.5 என்றுதான் கிடக்கிறது. கருவி பழுதா? அந்தக் கொப்பியை இனியும் வைத்திருக்க வேண்டுமா?"

34.2 உண்மையான உடல் வெப்பநிலை என்றால், கடையில் நின்ற அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் கம்பளிக்குள் கிடந்திருக்க வேண்டும். 35 பாகைக்குக் கீழே இறங்கினாலே மருத்துவர்கள் பதறுவார்கள். ஆனாலும் கருவி பழுதாக இருக்க வேண்டியதில்லை. அது சரியாகத்தான் அளந்திருக்கும். நீங்கள் நினைத்ததை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சட்டம் என்ன கேட்டது என்று பார்ப்போம். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலைக் கொரோனாக் கொத்தணி வெடித்த கையோடு, 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பம்பாயில் பிளேக் பரவிய காலத்துச் சட்டம் அது. வேலைத்தளத்துக்குள் வருபவர் முகக்கவசம் அணிய வேண்டும், ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும், கை கழுவ வசதி வேண்டும், உடல் வெப்பநிலை பார்க்க வேண்டும், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி எண்ணும் பதிய வேண்டும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் காட்ட ஒரு கொப்பி வேண்டும். கடைக்குக் கடை, துவக்கு மாதிரி நெற்றிக்கு நீட்டும் வெப்பமானி வந்தது.

அந்தத் துவக்கு எதையும் சுடுவதில்லை. மூளைக்குள் கதிர் பாய்கிறது, கலங்கள் செத்துவிடும் என்று ஒரு கதை அப்போது வட்சப்பில் சுற்றியது. நெற்றிக்கு நேரே துவக்கு நீட்டப்படுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்பதாலோ என்னவோ, பலர் கதையை நம்பி மணிக்கட்டை நீட்டினார்கள். நடப்பது நேர் எதிர். கதிர் வீசுவது நீங்கள். கருவி சும்மா வாங்கிக்கொள்கிறது. எரியும் அடுப்புக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினால் தொடாமலே சூடு தெரிகிறதே, அதே வேலைதான்.

சூடான எந்தப் பொருளும் கதிர் வீசும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. 34 பாகையில் இருக்கும் தோல் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 505 வாற்று வீதம் செந்நிறக்கீழ்க் கதிராக, அதாவது அகச்சிவப்புக் கதிராக, கொட்டிக்கொண்டே இருக்கிறது. கருவியின் மூக்குக்குள் மயிரிழையை விட மெல்லிய ஒரு சவ்வு, சிலிக்கன் சட்டகத்தில் மேளத்தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் கதிரை உறிஞ்சும் கறுப்புப் பூச்சு. நடுவிலிருந்து சட்டகம் வரை, இரண்டு வேறு பொருட்களை மாறி மாறி இணைத்த நுண்ணிய கம்பிகள் ஓடுகின்றன. இணைப்பின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருந்தால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று சீபெக் என்ற விஞ்ஞானி 1821இல் கண்டது இங்கே வேலை செய்கிறது. ஒரு இணைப்பு தருவது ஒன்றுக்கும் காணாது. பல இணைப்புகளைத் தொடராகக் கோத்தால் சிப் வாசிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். இதன் பெயர் தெர்மோபைல்.

எனக்கு இதில் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. அந்தச் சவ்வும் சூடான பொருள்தானே? அதுவும் கதிர் வீசுகிறது. கருவி 30 பாகையில் இருந்தால் அதன் வீச்சு ஏறத்தாழ 479 வாற்று. வருவது 505, போவது 479. கையில் மிஞ்சுவது 26. உங்கள் நெற்றியின் வெப்பநிலை முழுவதும் அந்த 26க்குள் இருக்கிறது. சித்திரை வெயிலில் கருவியே 34 பாகைக்கு வந்துவிட்டால் மிச்சம் பூச்சியம். அப்போது "நெற்றியும் நானும் ஒரே சூடு" என்று மட்டுமே அதற்குத் தெரியும். தன் சூடு எவ்வளவு என்று சொல்ல, சட்டகத்தின் ஓரத்தில் தெர்மிஸ்டர் என்ற சிறு வெப்ப உணரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, துவக்கு முதலில் அளப்பது தன்னைத்தான். உங்களை அளப்பது அதற்குப் பிறகு. ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனால் சட்டகமும் சவ்வும் ஒத்துப்போகாமல் உளறுவது இதனால்தான். கால்மணி அரைமணி நேரம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கும். யார் வாசித்தோம்?

நகைக்கடைக்காரர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கருவியை உடல் முறையிலிருந்து பொருள் வெப்பநிலை அளக்கும் முறைக்கு மாற்றி, மினுக்கிய தங்கக் காப்புக்கு நேரே பிடியுங்கள். வரும் எண் காப்பினுடையது அல்ல. பளபளக்கும் தங்கம் தான் வீச வேண்டிய கதிரில் நூற்றில் சில பங்கைத்தான் வீசும். மீதியெல்லாம் கூரையிலிருந்தும் உங்கள் முகத்திலிருந்தும் வந்து தெறிப்பது. தோல் நூற்றுக்கு 98 வீசும். அந்த 98ஐ நம்பித்தான் கருவி கணக்குப் போடுகிறது.

அப்படியென்றால் 34.2? நெற்றித் தோலின் சாதாரண வெப்பநிலை 33க்கும் 35க்கும் இடையில். உடல் முறையில் வைத்தால் கருவி அதோடு ஒரு திருத்தம் கூட்டி 36 சொச்சமாகக் காட்டும். உங்கள் கடையில் அது பொருள் முறையிலேயே கிடந்திருக்கலாம். மணிக்கட்டு இன்னும் குளிர். சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்து வந்தவரின் நெற்றியில் வியர்வை இருந்தால், கருவி பார்ப்பது தோலை அல்ல, ஆவியாகிக் குளிர்ந்துகொண்டிருக்கும் நீர்ப்படலத்தை. இந்தக் கதிருக்கு நீர் கறுப்புச் சுவர் மாதிரி. நல்லூர் போய் வந்தவரின் ஈரச் சந்தனமும் அதே கதை.

சரி, எல்லாம் ஒழுங்காகப் பார்த்தாலும்? சார்ஸ் காலத்தில் காய்ச்சல் வந்த பிறகே தொற்று உச்சத்துக்குப் போனது. வாசலில் பிடிக்க வழி இருந்தது. கோவிட் காய்ச்சலுக்கு இரண்டொரு நாள் முன்னரே பரவத் தொடங்கிவிடும். இரண்டு பனடோல் போட்டவரையும் துவக்கு விட்டுவிடும். உள்ளே ஏசிக்காகப் பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள் எல்லோரும் ஒரே காற்றை மாறி மாறி மூச்சு விட்டோம். இத்தனைக்கும் காற்றுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பிரித்தானியாவின் 1937 தொழிற்சாலைச் சட்டம் ஆளுக்கு 400 கன அடி இடம் வேண்டும் என்றது. 14 அடிக்கு மேலே உள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கவும் விடவில்லை. நம்முடைய 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். என் அபிப்பிராயம்: துவக்குக்குக் கொடுத்த காசில் கொஞ்சம் யாழ். பல்கலைக்கழகப் பௌதிகவியல் மாணவருக்குக் கொடுத்து, கடைகளில் காபனீரொட்சைட்டு அளக்கச் சொல்லியிருக்கலாம்; விட்ட மூச்சு உள்ளே எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று அது காட்டும். ஆராய்ச்சிக்குக் காசில்லாத நாட்டில்தான் 2020 டிசெம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்து நின்றது.

இனி சட்டப் பக்கம். வர்த்தமானி பேசியது உள்ளே நுழைவதைப் பற்றி. 37.8 காட்டியவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அந்த எண்ணை வைத்து வேலையை விட்டு நிறுத்த அது அதிகாரம் தரவில்லை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். சிறிய கடைக்காரரும் தொழில் நியாய சபைக்கு இழுக்கப்படலாம். வேலை கொடுக்க முடியாத மாதங்களுக்கு, 2020 மே மாத முத்தரப்பு உடன்பாடு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது என்றது. அதற்கும் சேமலாப நிதி கட்ட வேண்டும். அந்த நாட்களில் அப்படிக் கொடுத்திருந்தால் சம்பளப் பதிவேட்டையும் சேமலாப நிதிப் பற்றுச்சீட்டுகளையும் கவனமாக வையுங்கள். பிணக்கு வந்தால் கைகொடுப்பவை அவைதான்.

வெப்பநிலைக் கொப்பி வேறு. அதில் ஊராரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி எண்ணும் உடல்நிலையும் ஒரே வரியில் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாக வைத்திருக்கிறது. தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதன் நடைமுறைத் திகதிகள் தள்ளிப் போனாலும், அந்தக் கொப்பியின் தேவை எப்போதோ முடிந்துவிட்டது. வழக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லையென்றால் கிழித்து எரித்துவிடுங்கள். கச்சான் சுற்றுவதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.