அறுபதுக்கு மேலும் நாக்கு பழகும்

தக்கலையில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் போன வருடம் 64 முடிந்தபோது ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். சோற்றையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) குறைக்க வேண்டும், காய்கறி, பயறு, மீன் எல்லாம் கூட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சித்தப்பா பாவக்காயைத் தொடமாட்டார். கீரையைக் கண்டால் முகம் சுளிப்பார். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு சாளை (மத்தி) மீன் வாடையே ஆகாது என்பார்.

"அறுபது வருசமா திங்காத சாதனத்த இனிமே திங்கவா? இந்த வயசுல நாக்க மாத்த முடியுமாடே?"

முடியும். ஆனால் அவர் வெறுத்த பாவக்காயும் சாளையும் ஒரே மாதிரியான வெறுப்பு இல்லை. ஒன்று பிறப்போடு வந்தது, மற்றது ஒரே நாளில் கற்றது. அதனால் இரண்டையும் மாற்றும் வழியும் கொஞ்சம் வேறு.

முதலில் பாவக்காய். இனிப்பை உணர நம் நாக்கில் முக்கியமாக ஒரு வகை ஏற்பிதான் (சுவையைப் பிடித்து உணரும் நுண்ணிய அமைப்பு) இருக்கிறது. கசப்புக்கோ சுமார் 25 வகை. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைக்கும் நஞ்சுகளில் பல கசப்பவை என்பதால், கசப்பை உடனே கண்டுபிடித்துத் துப்புவது உயிர் காத்த பழக்கம். நம்மூர் மரச்சீனியையே எடுத்துக்கொள்ளுங்கள். கசக்கும் ரகக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் அதிகம். அதனால்தான் கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். குழந்தை கசப்பைத் துப்புவதும் சித்தப்பா முகம் சுளிப்பதும் அதே காவலாளியின் வேலை.

இந்தக் காவலாளி எல்லாரிடமும் ஒரே அளவு கண்டிப்பானவன் இல்லை. 1931ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வாயெல்லாம் கசப்பு, ஃபாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. பின்னாளில் இதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். ஆகவே வீட்டில் ஒருவர் கீரையை விரும்பித் தின்ன, இன்னொருவர் ஒதுக்கினால் அது வெறும் அடம் இல்லை. அவர் நாக்கில் கசப்பு உண்மையிலேயே கூடுதலாக விழுகிறதாக இருக்கலாம்.

ஆனால் எவ்வளவு கசக்கிறது என்பது வேறு, அது பிடிக்கிறதா என்பது வேறு. பிடிப்பதைத் தீர்மானிப்பது மூளை. சின்ன வயதில் முதன்முதலாகக் கட்டன் சாயா குடித்தது நினைவிருக்கிறதா? யாருக்கும் அன்றைக்கே பிடித்திருக்காது. சர்க்கரை சேர்ந்தது, குடித்தபின் ஒரு தெளிவு வந்தது, தினமும் வந்தது. மூளை அந்தக் கசப்பை நல்ல விளைவோடு முடிச்சுப் போட்டுவிட்டது.

முடிச்சு விழ இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரும்பத் திரும்பச் சந்திப்பது. பழக்கமானது பிடித்துப்போகும் என்பதை 1968ல் ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் சோதனைகளில் காட்டினார். குழந்தைகளுக்குப் புதுக் காய்கறி பிடிக்க எட்டுப் பத்து முறை, சிலருக்குப் பதினைந்து முறை கூடச் சுவைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையோடு "அவனுக்குப் பிடிக்காது" என்று முடித்துவிடுகிறோம். மற்ற வழி, வயிறு அனுப்பும் செய்தி. உணவில் சத்து இருப்பதைக் குடல் அறிந்து நரம்பு வழியாக மூளைக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி பசித்த வயிற்றில் பலமாகப் போய்ச் சேரும். ஆகவே புது உணவைப் பசித்திருக்கும்போது, முதல் வாயிலேயே கொடுப்பது நல்லது.

சித்தி செய்தது இதைத்தான், அறிவியல் பெயர் எதுவும் சொல்லாமல். அவர் எடுத்த ஆயுதம் தீயல். பாவக்காயை மெல்லிசாக நறுக்கி உப்பிட்டுப் பிசறி அரை மணி நேரம் வைத்தார். கசப்புச் சாறு இறங்கியது, பிழிந்தார். மிச்சம் ஒட்டியிருக்கும் உப்பும் சும்மா இருப்பதில்லை. கசப்பை உணரும் செல்களின் குரலை உப்பு தணிக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிறகு தேங்காயை நல்ல பழுப்பாக வறுத்து, மல்லியும் வற்றலும் சேர்த்து அரைத்து, புளி விட்டு, கடைசியில் கொஞ்சம் கருப்பட்டி. வறுத்த தேங்காயின் மணம் சித்தப்பாவுக்கு ஏற்கெனவே உயிர். பிடித்த மணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பிடிக்காத கசப்பு உள்ளே வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு கரண்டிக்கு மேல் இல்லை. "தின்னா தின்னுங்க, இல்லேன்னா வைங்க" என்று மட்டும் சொல்வார். வற்புறுத்தினால் அந்த எரிச்சலும் உணவோடு சேர்ந்து பதிவாகிவிடும். ஆறேழு வாரத்தில் கரண்டி இரண்டானது.

சாளை வேறு கதை. பதினோரு வயதில் ஒரு நாள் சாளைக்கறி தின்று, முகம் சிவந்து, தலைவலித்து, வாந்தி எடுத்திருக்கிறார். சாளை, அயிலை, சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் பாக்டீரியா அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. அன்று நடந்தது அதுவாகத்தான் இருக்கும். அதோடு சாளை அவருக்கு முடிந்தது. 1955ல் ஜான் கார்சியா என்பவர் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கதிர்வீச்சால் குமட்டலை உண்டாக்கினார். அதன் பிறகு அவை அந்த இனிப்பைப் பெரும்பாலும் ஒதுக்கின. சாப்பிட்டதற்கும் குமட்டலுக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் ஒரே முறையில் இந்தப் பாடம் பதியும் என்று அடுத்தடுத்த சோதனைகள் காட்டின. அந்தப் பழைய பதிவை அழிக்க முடியாது. அதன்மேல் நல்ல அனுபவங்களை எழுதிக்கொண்டே போகத்தான் முடியும்.

அதனால் சித்தி சாளையில் தொடங்கவில்லை. மாங்காய் போட்ட நெத்திலி அவியலில் தொடங்கினார். கடல் மீனின் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமின் என்ற வேதிப்பொருள். புளிப்பு அதனோடு சேரும்போது அது ஆவியாகாத உப்பாக மாறி மூக்குக்கு எட்டாமல் போகிறது. மாங்காயும் கொடம்புளியும் நம் மீன்கறியில் வந்தது சும்மா இல்லை. அப்புறம் மீன் புதிதாக இருப்பதும் முக்கியம்: காலையில் கரைக்கு வந்த மீனை மத்தியானத்துக்குள் சமைத்துவிட வேண்டும்.

வயதானவர்களுக்காக இதையெல்லாம் மெனக்கெட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும் என்பேன். அறுபதுக்குப் பிறகு தசை வேகமாகக் குறைகிறது. முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். அறுபது கிலோ ஆளுக்கு அது 60 முதல் 72 கிராம். கஞ்சியும் ஊறுகாயும் அதில் எவ்வளவு தரும்? நூறு கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, முள்ளோடு தின்றால் கால்சியமும்.

இதே வயதில் மூக்கும் மங்குகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மட்டி வாழைப்பழம் தின்று பாருங்கள், இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுத்தவுடன் அந்த மணம் வந்து நிறையும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது. அது குறையும்போது முதியவர்கள் உப்பையும் கருவாட்டையும் கூட்டிக்கொள்கிறார்கள். உப்பின் அளவோ ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். மல்லி, கறிவேப்பிலை, வறுத்த தேங்காய், எலுமிச்சை என்று மணத்தைக் கூட்டுவதே இங்கே சரியான வழி. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வாயில் உலோகச் சுவையைத் தரும். அதையும் "சமையல் சரியில்லை" என்ற புகாருக்குள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையாக இரண்டு வார்த்தை. பாவக்காய் மாத்திரைக்கு மாற்று இல்லை. மாத்திரையோடு அதன் சாற்றையும் தினம் குடித்தால் சர்க்கரை ரொம்பவும் இறங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கீரையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். உண்மையான ஒவ்வாமை இருக்கும் உணவை எப்போதும் பழக்கப்படுத்த முயலக் கூடாது.

சித்தப்பா இப்போது தீயல் கிண்ணத்தைத் தானே நகர்த்தி எடுத்துக்கொள்கிறார். முருங்கைக்கீரை, முட்டை சேர்த்து வதக்கினால் மட்டும் இறங்குகிறது. சாளை ஐந்தாவது வாரம். கொடம்புளி போட்ட குழம்பில் இரண்டு துண்டு, தலையை மட்டும் சித்தி முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்.