திரத்தொரீயா என்றால் ‘குடும்ப உணவகம்’ இல்லை

இந்த முறை அது ஒரு பயண ஆவணப்படத்தின் தமிழ் வசனவரியில் வந்தது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம், ஜூன் 24, சான் ஜொவான்னி திருவிழா. திரையின் கீழே ஓடிய வரி: ‘தேசிய விடுமுறை நாளில் ஒரு குடும்ப உணவகத்தில் உணவருந்தினோம்.’ ஒரே வரியில் இரண்டு பிழை. தேசிய விடுமுறையை அப்புறம் பார்க்கலாம். இந்தக் ‘குடும்ப உணவகம்’ இருக்கிறதே, இதைச் சமீபத்தில் ஒரு சமையல் நூலின் தமிழாக்கத்திலும் ஒரு நாவலின் தமிழாக்கத்திலும் பார்த்துவிட்டேன். மூன்று இடத்திலும் மூலச்சொல் ஒன்றுதான்: திரத்தொரீயா, இத்தாலியில் சமைத்துப் பரிமாறும் எளிய சாப்பாட்டு இடம். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எழுத்து. பலரும் ‘டிராட்டோரியா’ என்கிறார்கள். இத்தாலிய மொழியில் நம் ‘ட’ ஒலியே கிடையாது. நாக்கு பல்லைத் தொட்டு வரும் ‘த’தான் அங்கே. இரட்டித்த மெய்யை இரட்டித்தே ஒலிப்பார்கள், நம்மைப் போலவே. அழுத்தம் ‘ரீ’யில் விழும். ஆகவே திரத்தொரீயா. பாஸ்தா என்று சரியாக எழுதுகிற கையே அடுத்த வரியில் டிராட்டோரியா என்று எழுதுகிறது. அந்தச் சொல்லை ஆங்கிலேயர் வாய் வழியாகக் கேட்டதுதான் காரணம்.

வேர் எளிது. இலத்தீனில் ‘இழு’ என்ற வினையிலிருந்து ‘கையாள், நடத்து’ என்ற வினை பிறந்தது. அதிலிருந்து பிரெஞ்சில் ‘திரெத்தேர்’, அதாவது காசு வாங்கிக்கொண்டு சமைத்துப் போடுகிறவர். இத்தாலியில் அவர் திரத்தோரே ஆனார், அவருடைய கடை திரத்தொரீயா ஆனது. இன்றைய இத்தாலிய மொழியில் திரத்தோரே என்றால் டிராக்டரும்தான், அதற்கும் இதே ‘இழு’தான் வேர். நம் ‘நடத்து’ இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது. கடையையும் நடத்துகிறோம், வந்தவரையும் மரியாதையாக நடத்துகிறோம்.

கடைசியில் உள்ள ‘ரீயா’வைக் கவனியுங்கள். பித்ஸா விற்கும் இடம் பித்ஸெரீயா. ஜெலாத்தோ என்ற ஐஸ்கிரீம் விற்கும் இடம் ஜெலத்தெரீயா. லிப்ரெரீயா புத்தகக் கடை, மச்செல்லெரீயா இறைச்சிக் கடை. தமிழில் இதற்கு நேர்ச்சொல் கடை. அகம், சாலை, நிலையம், விடுதி எதுவும் இல்லை, கடைதான்.

சரி, ‘குடும்ப உணவகம்’ ஏன் தவறு? தமிழில் குடும்ப உணவகம் என்றால் குடும்பத்தோடு போய் உட்கார ஏற்ற இடம். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்களோடு கூச்சமில்லாமல் போகலாம் என்பது அந்தச் சொல் தரும் உறுதி. முதலாளி யார், அடுப்படியில் யார் என்று அது ஒன்றும் சொல்லவில்லை. ஆவணப்படம் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிர்: சாப்பிட வருகிறவர் யாராகவும் இருக்கட்டும், சமைத்துப் பரிமாறிக் கணக்குப் பார்ப்பது ஒரே வீட்டார். இத்தாலியர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை. குடும்பங்களுக்கு ஏற்றது என்றால் ‘பெர் ஃபமீல்யே’. குடும்பம் நடத்துவது என்றால் ‘ஆ கொந்துத்ஸியோனே ஃபமிலியாரே’. ‘கொந்துத்ஸியோனே’ என்பதே நடத்துதல்தான். மூலத்தில் வினை அப்பட்டமாக நிற்கிறது, தமிழுக்கு வரும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘குடும்பம்’ என்ற பெயரை மட்டும் ‘உணவக’த்தின் தலையில் வைக்கிறோம். தமிழ்த் தொகைச்சொல்லில் உருபு மறைந்து நிற்கும். குடும்பத்துக்கு உணவகமா, குடும்பத்தின் உணவகமா என்று கேட்டால், வழக்கு ஏற்கெனவே ‘குடும்பத்துக்கு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் மனத்தில் என்ன இருந்தாலும் படிக்கிறவர் காதில் விழுவது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லாத் திரத்தொரீயாவையும் குடும்பம் நடத்துவதில்லை. கூட்டாளிகள் நடத்துவது உண்டு, கூலிக்கு ஆள் வைத்து நடத்துவதும் உண்டு. அதனால்தான் குடும்பம் நடத்துவதைத் தனியாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு தொடர் தேவைப்படுகிறது. அந்தக் குறிப்பைக் கடையின் பெயருக்குள்ளேயே நாம் அடைத்துவிட்டால், குடும்பம் நடத்தாத திரத்தொரீயா வரும் அன்றைக்கு என்ன செய்வோம்?

நான் ஒரு முறை இதே ஜூன் 24 இரவு ஃபுளோரன்ஸில் சாப்பிட்டிருக்கிறேன். ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, சாந்தோ ஸ்பிரித்தோ பக்கம், எட்டு மேசை போட்ட ஒரு சின்ன இடம். வாசலருகே அப்பா பெருஞ்சீரகம் போட்ட சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில். மகள் மேசைக்கு வந்து, விரித்திருந்த காகித விரிப்பிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டார். பத்து வயதுப் பேரன் ரொட்டிக் கூடையைக் கொண்டுவந்து வைத்தான், அந்தப் பக்கத்து வழக்கப்படி உப்பில்லாத ரொட்டி. நாங்கள் கேட்டதை மகள் பாதிதான் ஏற்றுக்கொண்டார். ‘இன்றைக்குப் பப்பா அல் பொமொதோரோ சாப்பிடுங்கள், காலையில் அம்மா வைத்தது’ என்றார். பழைய ரொட்டியைத் தக்காளி, பூண்டு, துளசி வகையைச் சேர்ந்த பசீலிக்கோ இலை, ஆலிவ் எண்ணெயோடு குழைய வேகவைப்பது. பத்து மணிக்கு வாணவேடிக்கைச் சத்தம் கேட்டதும் அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அப்பாவும் கத்தியை வைத்துவிட்டு வந்தார். கைக்குட்டையோடு நாங்களும் எழுந்து போனோம். குறுகிய தெருவில் வானம் ஒரு துண்டுதான் தெரிந்தது. எதிர்ச்சுவர் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி மின்னியது. கொஞ்ச நேரம் அந்த இடத்தில் சமையலே நடக்கவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. திரும்பி வந்ததும் மகள் அதே விரிப்பின் ஓரத்தில் கணக்கைக் கூட்டிக் காட்டினார்.

இதை ‘உணவகத்தில் உணவருந்தினோம்’ என்று எழுத எனக்கு மனம் வராது. அது சாப்பாட்டுக்கடை, நாங்கள் சாப்பிட்டோம்.

தூய தமிழ் அன்பர்கள் ‘உண்டிச்சாலை’, ‘அடிசிலகம்’ என்று முன்வைக்கிறார்கள். அடிசில் எனக்கும் பிடித்த சொல், ‘அடு’ என்ற சமையல் வினையின் பிள்ளை. ஆனால் பசித்த மனிதன் ‘பக்கத்தில் அடிசிலகம் எங்கே’ என்று கேட்கமாட்டான். திரத்தொரீயா இத்தாலியில் தினமும் தெருவில் புழங்கும் சொல், அகராதியில் பூட்டிவைத்த சொல் இல்லை. புழங்கும் சொல்லுக்குப் புழங்கும் சொல்லைத்தான் ஈடாக வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கடையும் தமிழ்தானே.

‘சிற்றுண்டிச்சாலை’ இன்னும் மோசம். திரத்தொரீயாவில் முதலில் பாஸ்தாவோ சூப்போ, அடுத்து இறைச்சியோ மீனோ, கூடவே காய்கறி, கடைசியில் இனிப்பு, காப்பி என்று முழுச் சாப்பாடு வரும். அதில் சிற்றுண்டி எங்கே? ‘உணவு விடுதி’யும் வேண்டாம். தங்க இடமும் தருவதற்கு அவர்களிடம் ‘லொகாந்தா’ என்று வேறு சொல் இருக்கிறது, விடுதியை அதற்கு விட்டுவைக்கலாம்.

ஒஸ்தெரீயாவையும் இதோடு குழப்புகிறார்கள். அது விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரபாக அங்கே முதன்மை ஒயின். பொலோஞ்ஞா நகரில் 1465 முதல் இருப்பதாகச் சொல்லும் ஒஸ்தெரீயா தெல் சோலேயில் இன்றும் ஒயின் போன்ற குடிவகைதான் கிடைக்கும், சாப்பாட்டை நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். அதையும் உணவகம் என்றே எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

‘கடை என்றால் மதிப்புக் குறைவாக இல்லையா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இத்தாலியருக்கு அந்தக் கூச்சம் இல்லை. மொதெனா நகரில், மிஷ்லின் உணவு வழிகாட்டி நூலின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்ற இடம் ஒஸ்தெரீயா என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. தமிழில் கடை என்பது வாயிலுக்கும் பெயர், புழக்கடையில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. வாயிலைத் திறந்து வைத்துச் சோறு போடும் இடத்துக்கு இதைவிட என்ன மதிப்பு வேண்டும்? இந்தக் கூச்சம் சொல்லில் இல்லை, எழுதுகிறவரிடம் இருக்கிறது. சாப்பிட்டார் என்று எழுத நாணி ‘உணவருந்தினார்’, வாங்கினார் என்று எழுத நாணி ‘கொள்வனவு செய்தார்’. மொழிபெயர்ப்புத் தமிழ் முழுக்க இப்படிக் கஞ்சி போட்ட வேட்டியாக விறைத்து நிற்கிறது. மூலத்தில் ஒரு பாட்டி பேசினாலும் தமிழில் தாசில்தார் பேசுகிறார்.

இனி அந்தத் ‘தேசிய விடுமுறை’. ஜூன் 24 இத்தாலி முழுவதற்கும் விடுமுறை இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் அதன் பாதுகாவலரான புனிதரின் நாள்தான் விடுமுறை. ஃபுளோரன்ஸுக்குத் திருமுழுக்கு யோவான், அவர்தான் சான் ஜொவான்னி. தூரினோவுக்கும் ஜெனோவாவுக்கும் அவரேதான். உரோமைக்கு ஜூன் 29, நாப்பொலிக்குச் செப்டம்பர் 19, மிலானோவுக்கு டிசம்பர் 7. அன்றைக்கு ஃபுளோரன்ஸில் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் மணல் கொட்டி, அணிக்கு 27 பேராகக் கால்ச்சோ ஸ்தோரிக்கோ என்ற பழங்காலக் கால்பந்து ஆடுவார்கள், இரவில் வாணவேடிக்கை. பக்கத்து ஊரில் அதே நாளில் அலுவலகம் வழக்கம்போலத் திறந்திருக்கும். இதற்குத் தமிழில் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை. ‘உள்ளூர் விடுமுறை’ செய்தித்தாளிலேயே இருக்கிறது, ‘பாதுகாவலர் திருவிழா’ தமிழ்க் கத்தோலிக்கர் நாவிலேயே இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பதை எடுக்காமல், ஆங்கில வரியில் விடுமுறை என்று கண்டவுடன் முன்னால் ‘தேசிய’ சேர்த்துவிட்டார் அந்த மொழிபெயர்ப்பாளர்.

என்னிடம் அந்த வரியைக் கொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘ஊரின் பாதுகாவலர் திருவிழா அன்று, ஒரு வீட்டார் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டோம்.’ திரையில் ஒரே வரியில் அடங்காது, இரண்டு வரி ஆகும். ஆகட்டும்.