டுரோசோபிலா: காடி ஈ

கனிந்து கறுத்த வாழைச்சீப்பைத் தூக்கியதும் பொடிப்பொடியாகக் கிளம்புகின்றனவே, அவை பெரும்பாலும் டுரோசோபிலிடே குடும்பத்து ஈக்கள். கிரேக்கத்தில் ‘டுரோசோஸ்’ பனித்துளி, ‘பிலோஸ்’ விரும்புவது. ‘பனிவிரும்பி’ என்ற பொருளில் இக்குடும்பத்தின் டுரோசோபிலா பேரினத்துக்கு 1823இல் பெயரிட்டவர் சுவீடன் பூச்சியியலாளர் ஃபாலன். அழகான பெயர், பொருத்தமும் கூட. எளிதில் உலர்ந்துவிடும் சிற்றுடல் என்பதால், வெயில் ஏறுமுன்னும் பொழுது சாயும்போதும்தான் இவற்றின் நடமாட்டம் அதிகம்.

மரபியல் ஆய்வில் புகழ்பெற்ற மெலனோகாஸ்டர் இனத்துக்கு 1830இல் பெயர் வைத்தவர் ஜெர்மன் பூச்சியியலாளர் மைகன். ‘கருவயிறு’ என்று பொருள். உருப்பெருக்கியில் பாருங்கள்: சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம், சிவந்த கண், மஞ்சள் கலந்த பழுப்பு உடல், ஆணின் வயிற்று நுனி மட்டும் மையில் தோய்த்ததுபோல் கறுத்திருக்கும்.

இதைத் தமிழில் ‘பழ ஈ’ என்று எழுதிவருகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மா, கொய்யா விவசாயிகள் பழ ஈ என்று சொல்வது டெஃப்ரிடிடே என்ற வேறு குடும்பத்தை. அது ஏறக்குறைய வீட்டு ஈயின் பருமன் இருக்கும்; காயின் தோலைத் துளைத்து முட்டையிடும்; புழு சதைக்குள்ளேயே வளரும். மாந்தோப்பில் ஆண் ஈயைப் பிடிக்க மெத்தில் யூஜினால் என்ற ஈர்ப்புப்பொருள் கொண்ட பொறி வைப்பார்கள். அந்தப் பொறியைச் சமையலறையில் வைத்தால் ஒரு பனிவிரும்பியும் எட்டிப் பார்க்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் மாறிப்போகிறது.

பனிவிரும்பி தேடி வருவது பழத்தையல்ல, பழம் புளிக்கும்போது பெருகும் ஈஸ்ட்டை. புளித்த கூழில் முட்டை அமிழ்ந்தாலும் அதன் முனையிலுள்ள இரண்டு மெல்லிய இழைகள் வெளியே நீட்டி நின்று காற்றை வாங்கும். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும்.

புளிப்பை நாடும் ஈக்குக் ‘காடி ஈ’ என்பதே பொருந்தும். காடி பழந்தமிழ்ச் சொல். புளித்த நீரையும் குறிக்கும், வினிகரையும் குறிக்கும். குடும்பத்தைக் ‘காடி ஈக் குடும்பம்’ எனலாம். பழ ஈ என்ற பெயர் தோப்புக்காரர்களிடமே இருக்கட்டும். காடி ஈக்களில் சுசுகி என்ற இனம் மட்டும் ரம்பப் பல் கொண்ட முட்டையிடு உறுப்பால் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி போன்ற நல்ல பழத்தையே அறுத்து முட்டையிடும். அதைப் பிடிக்கவும் அமெரிக்கத் தோட்டங்களில் ஆப்பிள் காடியைத்தான் பொறியில் ஊற்றுகிறார்கள்.