ஜப்பானில் வாங்கிய பழைய வெண்கல விலங்குச் சிலையை வெளியே கொண்டுபோகலாமா?

கியோட்டோவிலோ டோக்கியோவிலோ ஒரு பழம்பொருள் கடையில் வெண்கலப் புலியோ பருந்தோ பிடித்துப்போய் வாங்கிவிட்டீர்கள். விமான நிலையத்தில் மறித்துவிடுவார்களோ என்ற பயம் வருவது இயல்பு. பெரும்பாலும் மறிக்க மாட்டார்கள்.

இந்தியச் சட்டத்தை மனதில் வைத்து யோசித்தால்தான் குழப்பம். நம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சிலைக்கு 100 வயது ஆனாலே அது தொல்பொருள். தனியார் யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. ஜப்பானியச் சட்டம் வயதைக் கேட்பதில்லை, அந்தப் பொருள் அரசின் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

1949 ஜனவரியில் ஹோரியூஜி கோயில் மண்டபத்தில் தீப்பிடித்துப் பழமையான சுவரோவியங்கள் கருகிப்போயின. அதன் விளைவாக 1950இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்தவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. கண்காட்சி போன்ற காரணங்களுக்காகப் பண்பாட்டு முகமையின் ஆணையர் அனுமதித்தால் மட்டும் விலக்கு. மீறினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி முக்கியக் கலைப்பொருள் என்று குறிக்கப்பட்டு, இன்னும் அந்தப் பட்டியலில் நீடிப்பவற்றுக்கும் அனுமதி வேண்டும்.

பட்டியலில் இடம்பெறும் வெண்கல விலங்கு எப்படி இருக்கும்? சுசூகி சோகிச்சியின் ‘பன்னிரண்டு பருந்துகள்’ நல்ல உதாரணம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட இந்தத் தொகுதி இப்போது கனசாவாவில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019இல்தான் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தரத்தில் ஒன்று சாதாரணக் கடை அலமாரிக்கு வருவது அபூர்வம். 1876இல் வாள் அணிவது தடைசெய்யப்பட்டதும், வாள் உறுப்புகள் செய்து பிழைத்த உலோகக் கலைஞர்கள் பலர் ஒகிமோனோ எனப்படும் அலங்காரச் சிலைகள் பக்கம் திரும்பினார்கள். அவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு வீடுகளுக்காகவே வார்க்கப்பட்டது. வெளியே போவதற்கென்றே பிறந்த பொருளைத் தடுக்க அரசுக்கும் பெரிய காரணம் இல்லை.

சரி, உங்கள் சிலை பட்டியலில் இல்லை என்பதைச் சுங்க அதிகாரிக்கு எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் ‘பழங்கலைப் பொருள் ஏற்றுமதிச் சரிபார்ப்புச் சான்று’. சிலையின் புகைப்படங்களோடு பண்பாட்டு முகமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விலை உயர்ந்த, பார்த்தாலே பழமை தெரிகிற சிலை என்றால் பயணத்துக்கு நன்றாக முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது. அனுபவமுள்ள வணிகர்கள் இதற்கு உதவுவார்கள்.

இந்தச் சான்றைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இது பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள பொருள் அல்ல’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. சிலை மெய்ஜி காலத்ததா (1868–1912), போன வருடம் வார்த்ததா, அடியில் உள்ள முத்திரை உண்மையா என்பதெல்லாம் அதில் வராது. அதை அசல் சான்றிதழ் போலக் காட்டி யாராவது விலை ஏற்றினால் விலகிவிடுங்கள்.

உண்மையில் சிக்க வைப்பது வேறொரு சட்டம். வெண்கல யானைகளுக்கு, குறிப்பாகப் புலிகள் பாய்ந்து தாக்கும் யானைச் சிலைகளுக்கு, நிஜத் தந்தத்திலேயே கொம்பு பொருத்துவது அப்போது வழக்கம். தந்தம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) கீழ் வருகிறது. ஜப்பானுக்குள் அதை விற்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எல்லை தாண்ட, பழைய பொருளாகவே இருந்தாலும், தனி ஆவணம் தேவை. ஆவணம் இருந்தாலும் போய்ச் சேரும் நாடு ஏற்க வேண்டும் என்றில்லை. இந்தியா 1991இலேயே இறக்குமதி செய்த தந்தத்தின் வணிகத்தையும் தடைசெய்துவிட்டது. பிரிட்டனில் 2022 முதல் தந்த வணிகத்துக்குத் தடை; 1947க்கு முந்தைய, 10 சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் உள்ள பொருளைக்கூடப் பதிவு செய்த பிறகே விற்கலாம்.

ஆகவே யானை வாங்கும்போது கொம்பு எதனால் ஆனது என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். புலி, பருந்து, நண்டு என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.